அலைச்சார்பு எதைப் பற்றியது? நிர்ணயமின்மை இயற்கையில் உள்ளதா, நம் அறிவில் உள்ளதா?

கரையோரன் எழுதியது:

அணுக்கருவிலிருந்து வெளிவந்து தனித்து நிற்கும் ஒரு நியூட்ரான் சராசரியாக ஏறத்தாழ 880 வினாடிகளில் சிதைந்து, புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் எதிர்நியூட்ரினோவாகவும் மாறுகிறது. ஒரே விதமாக உருவாக்கப்பட்ட இரண்டு நியூட்ரான்களில் ஒன்று இரண்டு நிமிடத்தில் சிதையலாம். மற்றொன்று அரை மணி நேரம் நிலைத்திருக்கலாம். இரண்டின் நிலையையும் குறிக்கக் குவாண்டம் இயற்பியல் எழுதித் தரும் கணிதக் கோவையான அலைச்சார்பு ஒன்றே. இது ஏன் முந்தியது, அது ஏன் பிந்தியது என்று கேட்டால் அந்தக் கோட்பாட்டிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை. காரணம் எங்கோ இருக்கிறது, நமக்குத்தான் எட்டவில்லை என்று கொள்வதா, அல்லது அப்படி ஒரு காரணமே இல்லை என்று கொள்வதா?

இந்தக் கேள்வியை எடுக்கும் விவாதங்கள் பெரும்பாலும் சுற்றிச் சுற்றி வருவதற்கு, இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கட்டிவிடுவதே காரணம் என்று நினைக்கிறேன். உலகின் இப்போதைய நிலை அடுத்த நிலையை முழுமையாகத் தீர்மானிக்கிறதா என்பது ஒரு கேள்வி. அலைச்சார்பு என்ற கணிதப் பொருள் உலகில் உள்ள ஏதோ ஒன்றை விவரிக்கிறதா, அல்லது நம் எதிர்பார்ப்புகளை மட்டும் தொகுத்து வைத்திருக்கிறதா என்பது மற்றொன்று. 1926-இல் ஷ்ரோடிங்கர் எழுதிய சமன்பாட்டில் நிர்ணயமின்மை துளியும் இல்லை; இந்தக் கணத்து அலைச்சார்பைக் கொடுத்தால் எந்தக் கணத்து அலைச்சார்பையும் அது தந்துவிடும். நிர்ணயமின்மை உள்ளே நுழைவது அதே ஆண்டில் மாக்ஸ் போர்ன் சேர்த்த விதியின் வழியாகத்தான். அலையின் வீச்சினுடைய வர்க்கமே, அளவீட்டில் குறிப்பிட்ட விளைவு கிடைப்பதற்கான நிகழ்தகவு என்பது அவ்விதி. (கட்டுரையின் உடலில் இந்த வர்க்கத்தைக் காண முடியாது, அச்சுப்படி திருத்தும்போது சேர்த்த ஓர் அடிக்குறிப்பில்தான் அது வருகிறது.) சமன்பாடு நிர்ணயமானது, விதி நிகழ்தகவானது, இரண்டையும் இணைக்கும் "அளவீடு" என்ற செயலுக்குக் கோட்பாட்டுக்குள் வரையறை இல்லை. சிக்கல் முழுவதும் அந்த இணைப்பில் இருக்கிறது என்பது என் தரப்பு.

பழையபாடம் எழுதியது:

நண்பர் கரையோரன் இதை வேண்டியதைவிடப் பெரிதாக்குகிறார் என்று தோன்றுகிறது. கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த விளக்கம் எளிமையானது, எனக்கு இன்றும் போதுமானதாகவே இருக்கிறது. எலக்ட்ரான் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் அதன் மேல் ஒளி பட வேண்டும். இடத்தைத் துல்லியமாக அறியக் குறுகிய அலைநீளம் தேவை. குறுகிய அலைநீளமுள்ள ஃபோட்டானுக்கு உந்தம் மிகுதி. அது எலக்ட்ரானை உதைத்துத் தள்ளிவிடுகிறது. ஆகவே இடத்தை அறிந்த கணத்தில் உந்தம் கலைந்துபோகிறது. எலக்ட்ரானுக்கு இடமும் உந்தமும் இருக்கத்தான் செய்கின்றன. தொடாமல் பார்க்க நமக்கு வழியில்லை, அவ்வளவுதான். இதில் தத்துவம் நுழைய வேண்டிய இடம் எது?

மாறிலி எழுதியது:

பழையபாடம் ஐயா குறிப்பிடுவது 1927-இல் ஹைசன்பெர்க் முன்வைத்த காமாக்கதிர் நுண்ணோக்கிச் சிந்தனைச் சோதனை. பாடநூல்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டதால் அந்த விளக்கம் நிலைத்துவிட்டது. ஆனால் அந்தக் கட்டுரை அச்சேறுவதற்கு முன்பே நீல்ஸ் போர் அதில் ஓட்டை இருப்பதைச் சுட்டிக்காட்டிவிட்டார். ஃபோட்டான் உதைப்பதனால் மட்டும் உந்தம் அறியப்படாததாகிவிடாது. சிதறிய ஃபோட்டான் எந்தத் திசையில் போனது என்று தெரிந்தால் உதையின் அளவைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். அதைக் கழிக்க முடியாமல் போவதற்குக் காரணம், ஃபோட்டான் நுண்ணோக்கியின் வில்லைத் திறப்புக்குள் எந்த வழியாக வந்தது என்று சொல்ல முடியாமை. அதாவது ஃபோட்டானும் ஓர் அலை என்பதை ஏற்றால்தான் வாதம் முழுமை பெறுகிறது. எலக்ட்ரானின் நிர்ணயமின்மையை நிறுவ ஃபோட்டானின் நிர்ணயமின்மையைக் கடன் வாங்குகிறோம்! ஹைசன்பெர்க் இந்தத் திருத்தத்தைக் கட்டுரையின் பின்குறிப்பில் ஒப்புக்கொண்டார். நான்கு ஆண்டுகளுக்கு முன் மியூனிக்கில் அவருடைய முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் வில்ஹெல்ம் வீன் கேட்டு அவர் திணறிய கேள்விகளுள் ஒன்று நுண்ணோக்கியின் பகுதிறன் பற்றியது என்பது இதோடு சேர்த்து நினைக்கத் தக்கது.

இன்று நிச்சயமின்மைக் கோட்பாடு என்ற பெயரில் தேற்றமாக நிறுவப்படுவது, அதே 1927-இல் கென்னார்டு நிறுவிய வேறொரு செய்தி. ஒரே அலைச்சார்பில் தயாரிக்கப்பட்ட ஏராளமான எலக்ட்ரான்களை எடுத்துக்கொண்டு, பாதியில் இடத்தை மட்டும் அளக்கிறோம். மற்ற பாதியில் உந்தத்தை மட்டும் அளக்கிறோம். எந்த எலக்ட்ரானும் இரண்டு முறை தொடப்படவில்லை. ஆயினும் இடத்தின் திட்ட விலக்கத்தையும் (சராசரியைச் சுற்றி மதிப்புகள் எவ்வளவு பரவியுள்ளன என்பதன் அளவு) உந்தத்தின் திட்ட விலக்கத்தையும் பெருக்கினால், பிளாங்க் மாறிலியை 4π-ஆல் வகுத்தால் வரும் அளவுக்குக் கீழே அது இறங்குவதில்லை. இங்கே உதைப்பது எது? ஓர் அணுவின் அளவான, மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு இடப்பரவலுக்குள் எலக்ட்ரான் அடங்கியிருந்தால், அதன் திசைவேகப் பரவல் வினாடிக்கு ஏறத்தாழ 580 கிலோமீட்டருக்குக் குறைய முடியாது. யாரும் அதைப் பார்க்காதபோதும் அணு நொறுங்கி விழாமல் பருமனோடு இருப்பதற்கு இந்தப் பரவலே காரணம்.

அளவீடு உண்டாக்கும் கலைப்பைப் பற்றித் தனியாகவும் ஆய்வுகள் உள்ளன. ஓசாவா 2003-இல் பிழைக்கும் கலைப்புக்கும் இடையில் வேறொரு சமனின்மையை வருவித்தார். 2012-இல் வியன்னாவில் நியூட்ரான்களின் தற்சுழற்சியைக் கொண்டு நடந்த சோதனை அதை உறுதிசெய்தது. அடுத்த ஆண்டே புஷ், லாத்தி, வெர்னர் மூவரும் பிழையை வேறு விதமாக வரையறுத்து, ஹைசன்பெர்க் சொன்ன வடிவம் அந்த வரையறையில் நிற்கிறது என்று காட்டினார்கள். அந்த விவாதம் "கலைப்பு" என்பதை எப்படி அளப்பது என்பது பற்றியது. கென்னார்டின் தேற்றம் அதில் சிக்கவில்லை.

நெய்தல் எழுதியது:

மாறிலி அவர்களின் விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் அதிலிருந்து நிர்ணயமின்மை இயற்கையில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது. ஒரு குடுவை நிறைய உள்ள வாயுவின் மூலக்கூறுகளுக்கு நாம் ஒரு நிகழ்தகவுப் பரவலை எழுதுகிறோம். ஒவ்வொரு மூலக்கூற்றுக்கும் தெளிவான திசைவேகம் உண்டு என்றும், பரவல் என்பது நமக்குத் தெரியாததன் அளவு என்றும் அங்கே நாம் எல்லோரும் ஐயமின்றிச் சொல்கிறோம். கென்னார்டின் திட்ட விலக்கங்களையும் ஏன் அவ்வாறே படிக்கக் கூடாது?

இப்படிப் படிப்பதில் ஓர் ஆதாயமும் உண்டு. அளவீட்டின்போது அலைச்சார்பு சட்டென்று சரிந்து ஒரே விளைவில் குவிகிறது என்பதுதான் இந்த இயற்பியலின் மிகப் பெரிய தலைவலி. அலைச்சார்பு உலகில் விரிந்து கிடக்கும் பொருள் என்றால், அது கணப்பொழுதில் எல்லா இடத்திலிருந்தும் மறைய வேண்டும். அது அறிவின் நிலை என்றால், சரிவு என்பது புதிய செய்தி கிடைத்ததும் கணிப்பைத் திருத்திக்கொள்வது மட்டுமே. அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

நிழற்கோணம் எழுதியது:

ஷ்ரோடிங்கர் 1935-இல் எழுதிய, பூனையினால் பெயர் பெற்ற அந்தக் கட்டுரையைப் பலரும் பூனையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் பத்தியின் முடிவில் அவர் ஒரு வேறுபாட்டைச் சொல்கிறார்: கை அசைந்ததால் மங்கிய நிழற்படம் வேறு, மேகத்தையும் மூடுபனியையும் தெளிவாக எடுத்த நிழற்படம் வேறு. நெய்தல் அவர்கள் அலைச்சார்பை முதல் வகைப் படமாகக் கொள்கிறார். கேள்வி அதுவேதான், அதைச் சோதனையால் ஓரளவு பிரித்தறிய முடியும் என்பதை மட்டும் சேர்க்க விரும்புகிறேன்.

45 பாகை கோணத்தில் முனைவாக்கம் பெற்ற, அதாவது அந்தத் திசையில் அதிரும், ஃபோட்டான் ஒன்று செங்குத்தான வடிப்பானை அடைகிறது. அது கடந்து செல்வதற்கான நிகழ்தகவு பாதி. இப்போது, அந்த ஃபோட்டான் முன்கூட்டியே செங்குத்தாகவோ கிடையாகவோ இருந்தது, எது என்று நமக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதே ஃபோட்டான்களைச் செங்குத்து வடிப்பானுக்குப் பதிலாக 45 பாகை வடிப்பானுக்கு அனுப்பினாலும் பாதிதான் கடக்க வேண்டும். ஏனெனில் செங்குத்தானவற்றில் பாதியும் கிடையானவற்றில் பாதியும் அங்கே தடுக்கப்படும். நடப்பது அதுவல்ல. குறையற்ற வடிப்பானாக இருந்தால் எல்லா ஃபோட்டான்களும் கடந்துவிடுகின்றன. இரண்டு நிலைகளின் மேற்பொருந்தல் என்பது இரண்டில் ஏதோ ஒன்று என்னும் அறியாமை அல்ல. கூட்டலில் உள்ள குறிக்கும், கட்டத்துக்கும் (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்தப் படியில் நிற்கிறது என்பதற்கும்) இயற்பியல் விளைவு இருக்கிறது. அறியாமைக்குக் கட்டம் கிடையாது.

நெய்தல் எழுதியது:

அந்த வாதம் வீழ்த்துவது அறியாமைக் கொள்கையின் மிக எளிய வடிவத்தை மட்டும். செங்குத்தா கிடையா என்பதைப் பற்றிய அறியாமை அல்ல அது, அவ்வளவுதான். இரண்டுக்கும் அடியில் உள்ள வேறு ஏதோ ஒரு நிலையைப் பற்றிய அறியாமையாக இருக்கலாம்.

ஸ்பெக்கென்ஸ் 2007-இல் ஒரு பொம்மை மாதிரியை அமைத்தார். ஒவ்வொரு பொருளுக்கும் அடிப்படையில் நான்கே நிலைகள். எந்த நிலை என்று முழுமையாக அறிய ஆம், இல்லை என்ற இரண்டு விடைகள் வேண்டும். ஆனால் ஒரே சமயத்தில் ஒரு விடைக்கு மேல் அறிய முடியாது என்பது அவர் விதித்த ஒரே தடை. இதிலிருந்தே ஒன்றையொன்று கலைக்கும் அளவீடுகளும், தாங்கள் சொன்ன வடிப்பான் விளைவைப் போன்றதும், அறியப்படாத நிலையைப் படியெடுக்க முடியாமையும், தொலைநகர்த்தலைப் (ஒரு நிலையை வேறிடத்துக்குப் பெயர்ப்பதைப்) போன்ற செயலும்கூட வந்துவிடுகின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் தெளிவான நிலை ஒன்று இருக்கிறது. நம் அறிவுக்கு மட்டும் வேலி. ஆக, "அறியாமைக்குக் கட்டம் கிடையாது" என்பது விரைந்து சொன்ன முடிவு.

மாறிலி எழுதியது:

ஸ்பெக்கென்ஸ் மாதிரி தர முடியாதவை எவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெல்லின் சமனின்மையை (தொலைவில் உள்ள துகள்களின் அளவீட்டு விளைவுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகலாம் என்பதற்கான வரம்பு) அதனால் மீற முடியாது; இயற்கை மீறுகிறது. இந்த வகைக் கொள்கைகளுக்கு எதிரான நேரடித் தேற்றம் ஒன்றும் 2012-இல் வந்தது. பியூசி, பாரெட், ருடால்ஃப் மூவரின் தேற்றம் அது. இரண்டு வேறுபட்ட அலைச்சார்புகள் ஒரே அடிநிலையோடு பொருந்தக்கூடும் என்பதுதான், அலைச்சார்பு அறிவைக் குறிக்கிறது என்பதன் துல்லியமான பொருள். தனித்தனியாகத் தயாரிக்கப்பட்ட பொருள்களின் அடிநிலைகள் ஒன்றையொன்று சாராதவை என்று மட்டும் ஏற்றுக்கொண்டால், அப்படிப் பொருந்துவது குவாண்டம் இயற்பியலின் கணிப்புகளோடு முரண்படும் என்று அவர்கள் நிறுவினார்கள். தூய அலைச்சார்புகள் இரண்டு வேறுபட்டால், உலகில் உள்ள ஏதோ ஒன்றும் வேறுபட்டே ஆக வேண்டும்.

தப்பும் வழிகள் இல்லாமல் இல்லை. தயாரிப்புகள் ஒன்றையொன்று சாராதவை என்ற கருதுகோளை மறுக்கலாம். அல்லது அடிநிலை என்ற ஒன்றே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஃபக்ஸ், ஷாக், மெர்மின் முதலியோர் செல்லும் வழி இரண்டாவது: அலைச்சார்பு என்பது ஒருவர் தம் அனுபவங்களைப் பற்றி வைக்கும் பந்தயக் கணக்கு, அதற்கு அடியில் வேறெதையும் அது சுட்டுவதில்லை என்கிறார்கள். உள்முரண் இல்லாத நிலைப்பாடுதான். ஆனால் நெய்தல் அவர்கள் முதலில் கேட்டது வாயு மூலக்கூற்றைப் போன்ற அறியாமையை. அங்கே அறியப்படாத திசைவேகம் என்று ஒன்று இருந்தது. இங்கே அறியப்படாதது எதுவுமே இல்லாத அறியாமை வந்து நிற்கிறது. அதை அறியாமை என்று தொடர்ந்து அழைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

நிழற்கோணம் எழுதியது:

நான் மறுதரப்பின் சுமையையும் எடுத்து வைக்கிறேன். இல்லையேல் அலைச்சார்பு உலகில் உள்ள பொருள் என்ற என் தரப்பு எளிதில் வென்றுவிட்டதாகத் தோன்றும்.

உலகில் உள்ளது என்றால் எங்கே உள்ளது? ஓர் எலக்ட்ரானுக்கு அலைச்சார்பு முப்பரிமாண வெளியில் எழுதப்படுவதால் அதைக் கடலலையைப் போல மனத்தில் வரைந்துகொள்ளும் வழக்கம் வந்துவிட்டது. ஹீலியத்தில் இரண்டு எலக்ட்ரான்கள்; அவற்றுக்கு இரண்டு அலைகள் இல்லை, ஆறு பரிமாணங்கள் கொண்ட கட்டமைவு வெளியில் (எல்லாத் துகள்களின் இடங்களையும் சேர்த்துக் குறிக்கும் கணித வெளி) ஒரே அலை. யுரேனியத்தின் 92 எலக்ட்ரான்களுக்கு 276 பரிமாணங்கள். ஷ்ரோடிங்கரின் கட்டுரைகள் வெளிவந்த 1926-ஆம் ஆண்டிலேயே, மே மாதத்தில், முதியவர் லோரென்ட்ஸ் அவருக்கு எழுதிய மடலில் இந்த இடத்தில்தான் விரல் வைத்தார்: ஒரு துகள் மட்டும் என்றால் உங்கள் அலைகளையே விரும்புவேன், துகள்கள் கூடும்போது அந்த அலைகளுக்கு இயற்பியல் பொருள் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை என்ற கருத்தில் எழுதினார். நூறு ஆண்டுகள் ஆகியும் அந்த மடலுக்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விடை கிடைக்கவில்லை. கட்டமைவு வெளியே அடிப்படை வெளி, நாம் வாழும் முப்பரிமாணம் அதிலிருந்து தோன்றுவது என்று துணிந்து சொல்லும் தத்துவவாதிகள் இருக்கிறார்கள். அலைச்சார்பு பொருள் அல்ல, பொருள்களின் இயக்கத்தை ஆளும் விதி என்று சொல்வோரும் உண்டு. எனக்கு இரண்டாவது சற்று ஈர்ப்புடையது. ஆனால் காலத்தோடு மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றை விதி என்று சொல்வது இடறத்தான் செய்கிறது.

கரையோரன் எழுதியது:

நிழற்கோணம் அவர்கள் "பொருள்களின் இயக்கத்தை ஆளும் விதி" என்றதும் டேவிட் போமின் பெயர் வந்தாக வேண்டும். நான் இழையைத் தொடங்கியபோது மனத்தில் இருந்த முதன்மைச் சான்று அவருடையதுதான்.

துகள்களுக்கு எல்லாக் கணத்திலும் தெளிவான இடம் உண்டு, அலைச்சார்பு அவற்றை வழிநடத்துகிறது என்ற எண்ணத்தை தெ புரோலி 1927-இல் ஐந்தாம் சோல்வே மாநாட்டில் முன்வைத்து, பாவுலி முதலியோரின் மறுப்புக்குப் பின் கைவிட்டார். போம் 1952-இல் இரண்டு கட்டுரைகளில் அதை முழுமையாக எழுதிக்காட்டினார். அதில் எல்லாம் நிர்ணயமானவை. நிகழ்தகவு வருவது துகள்களின் தொடக்க இடங்கள் நமக்குத் தெரியாததால் மட்டுமே. அலைச்சார்போ இங்கே முழுக்க உண்மையானது. அது இல்லாமல் துகள் நகராது. நிர்ணயவாதமும், அலைச்சார்பின் உண்மையும் ஒரே கோட்பாட்டில் சேர்ந்து நிற்கின்றன. பந்தயக் கணக்குத் தரப்பினரிடம் இரண்டும் சேர்ந்தே இல்லை. பல உலகங்கள் என்று அறியப்படும் எவரெட்டின் 1957-ஆம் ஆண்டுக் கொள்கையில் அலைச்சார்பு மட்டுமே உண்மை, அது நிர்ணயமாகவே ஓடுகிறது. ஆனால் எல்லா விளைவுகளும் நிகழ்வதால், "பாதி நிகழ்தகவு" என்ற சொற்றொடருக்கு என்ன பொருள் என்பதே அங்கே பெரும்பாடு. (டாய்ச் முதலியோர் 1999 முதல் அதை முடிவெடுத்தல் கோட்பாட்டின் வழி மீட்க முயன்று வருகிறார்கள், எனக்கு அது நிறைவு தரவில்லை.) ஒரு கேள்விக்கான விடையை வைத்து மற்றதன் விடையை ஊகிக்க முடியாது; இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடக் கூடாது என்று நான் தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்.

இத்தகைய கோட்பாடு சாத்தியமே இல்லை என்று வான் நாய்மன் 1932-இல் நிறுவிவிட்டதாக ஒரு தலைமுறையே நம்பியிருந்தது. எம்மி நோதரின் மாணவியான கிரேட்டே ஹெர்மன் 1935-இலேயே அந்த நிறுவலில் உள்ள குறையை எழுதினார்: ஒரே சமயத்தில் அளக்க முடியாத அளவுகளின் கூட்டலுக்கும் சராசரிகள் கூடும் என்பது குவாண்டம் நிலைகளுக்குச் சரி, மறைந்திருக்கும் நிலைகளுக்கும் அது பொருந்த வேண்டும் என்பதற்கு என்ன நியாயம்? அதை ஏறக்குறைய யாருமே படிக்கவில்லை. ஜான் பெல் தாமாக அதே குறையைக் கண்டு வெளியிட்டது 1966-இல்.

விண்மீன்வழி எழுதியது:

இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை என்பது என் பணிவான கருத்து. காண்பானும் காணப்படுவதும் ஒன்று என்று அத்வைதம் எப்போதோ சொல்லிவிட்டது. ஷ்ரோடிங்கரே உபநிடதங்களைப் படித்துத்தான் அலைச்சமன்பாட்டுக்கு வந்தார் என்று படித்திருக்கிறேன். சமணரின் சியாத்வாதமும் இதைத்தான் சொல்கிறது.

மாறிலி எழுதியது:

ஷ்ரோடிங்கர் வேதாந்தத்தில் ஆழ்ந்திருந்தார் என்பது உண்மை. ஷோப்பன்ஹவர் வழியாக அங்கே சென்றார். 1925-இல், சமன்பாட்டுக்குச் சில மாதங்கள் முன்பு, அதைப் பற்றி எழுதியும் இருக்கிறார். ஆனால் 1926-ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் அவர் தேடியது, காண்பவரைப் பொருட்படுத்தாமல் வெளியில் தொடர்ச்சியாகப் பரவி நிற்கும் அலையை. ஹாமில்டனின் ஒளியியல் ஒப்புமையும் (துகளின் பாதையை ஒளிக்கதிரின் பாதையோடு ஒப்பிடுவது) தெ புரோலியின் கருத்துமே அங்கே தென்படுகின்றன. காண்பவருக்கு முதன்மை தந்த கோபன்ஹேகன் போக்கை அவர் வாழ்நாள் முழுவதும் எதிர்த்தார். ஆகவே இந்தச் சான்று தாங்கள் நினைக்கும் திசைக்கு எதிர்ப்புறம் செல்கிறது.

சியாத்வாதத்தைப் பொறுத்தவரை, இயற்பியலாளர் டி.எஸ். கோத்தாரி அதை நீல்ஸ் போரின் நிரப்புமைக் கொள்கையோடு (அலைத்தன்மையும் துகள்தன்மையும் ஒன்றையொன்று நிரப்புபவை, ஒரே அளவீட்டில் சேர்ந்து தெரியாதவை என்ற கொள்கை) ஒப்பிட்டு எழுதியிருப்பது கவனத்துக்குரியது. நிற்கும் நோக்குநிலையைச் சொல்லாமல் ஒரு பொருளுக்கு ஒரு பண்பை ஏற்றக் கூடாது என்பது அதன் சாரம். அது நிர்ணயமின்மைக்கு அருகில் இல்லை. ஓர் அளவின் மதிப்பு அதனுடன் சேர்த்து எவற்றை அளக்கிறோம் என்பதைச் சாராமல் முன்பே இருக்க முடியாது என்று கோச்சனும் ஸ்பெக்கரும் 1967-இல் நிறுவிய தேற்றத்துக்கு அருகில் இருக்கிறது. ஒப்புமை அந்த அளவோடு நிற்கிறது. தேற்றத்துக்கு நிறுவல் உண்டு.

பழையபாடம் எழுதியது:

போமின் கோட்பாடு இருக்கும்போது எதற்கு இவ்வளவு வேதனை? எலக்ட்ரானுக்கு இடம் உண்டு என்று நான் முதலில் சொன்னதைத்தானே அவரும் சொல்கிறார்.

நிழற்கோணம் எழுதியது:

இடம் உண்டு என்பதில் ஒற்றுமை. ஆனால் தாங்கள் அதைச் சாதாரண உலகை மீட்டுக்கொள்வதற்காகச் சொன்னீர்கள். போமின் கோட்பாடு தருவது சாதாரண உலகை அல்ல. ஒரு துகளின் வேகம், அதனோடு பின்னிப்பிணைந்த மற்றொரு துகள் அதே கணத்தில் எங்கே இருக்கிறது என்பதைச் சார்ந்திருக்கிறது, இடையில் எத்தனை தொலைவு இருந்தாலும். இது போமின் கோட்பாட்டுக்கு மட்டும் உரிய குறையா என்று கேட்டுப் பார்க்கப் போய்த்தான் பெல் 1964-இல் தம் தேற்றத்தை அடைந்தார்.

தொலைவில் செய்யப்படும் அளவீடு இங்குள்ளதை ஒளியைவிட விரைவாகப் பாதிப்பதில்லை, எதை அளப்பது என்ற தேர்வு மறைந்திருக்கும் நிலையோடு முன்கூட்டியே பிணைக்கப்பட்டிருக்கவில்லை என்ற இரண்டையும் ஏற்றால், இரண்டு இடங்களின் விளைவுகளுக்கு இடையிலான இணைத்தொடர்புகளின் ஒரு குறிப்பிட்ட கூட்டுத்தொகை 2-ஐத் தாண்ட முடியாது. (1969-இல் கிளாசர், ஹார்ன், ஷிமொனி, ஹோல்ட் நால்வரும் தந்த வடிவம் இது.) குவாண்டம் இயற்பியல் ஏறத்தாழ 2.83 வரை அனுமதிக்கிறது. ஃபிரீட்மனும் கிளாசரும் 1972-இல் தொடங்கி, ஆஸ்பே 1982-இல் தொடர்ந்த சோதனைகளுக்குப் பின், 2015-இல் டெல்ஃப்டில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு வைரங்களின் எலக்ட்ரான் தற்சுழற்சிகளைக் கொண்டு, முக்கியமான ஓட்டைகள் அடைக்கப்பட்ட சோதனை நடந்தது. கிடைத்த மதிப்பு 2.42, பிழை வரம்பு 0.20.

இது நிர்ணயவாதத்தைக் கொன்றுவிட்டது என்று செய்தித்தாள்கள் எழுதுவதுண்டு, 2022-இல் இந்தச் சோதனைகளுக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோதும் எழுதின. தேற்றம் சொல்வது அதுவல்ல. நிர்ணயத்தைக் கைவிட்டுவிட்டு விளைவுகள் தற்செயலானவை என்று சொன்னாலும், மேற்சொன்ன இரண்டு கருதுகோள்களும் இருக்கும்வரை 2 என்ற வரம்பு நிற்கும். தற்செயல் என்று சொல்லிவிட்டு அமைதி காண முடியாது என்பதே பெல் தந்த செய்தியில் பெரும்பாலானோர் தவறவிடும் பகுதி.

நெய்தல் எழுதியது:

என் தரப்பில் மீதமிருப்பதைச் சொல்லிவிடுகிறேன். கிரேட்டே ஹெர்மனின் பெயரை வான் நாய்மனின் குறையைக் கண்டவராக மட்டும் கரையோரன் அவர்கள் குறிப்பிட்டார். அதே 1935-ஆம் ஆண்டு ஆய்வின் தத்துவப் பகுதி அதைவிடக் கனமானது. அவர் தத்துவவாதி காண்டின் மரபில் வந்தவர். காரணகாரியம் என்பது அனுபவத்துக்கே அடித்தளம், அதை இயற்பியல் மறுக்க முடியாது என்று வாதிட 1934-இல் லைப்சிக்கிற்குச் சென்று ஹைசன்பெர்க்குடனும் வைட்செக்கருடனும் விவாதித்தார். அங்கிருந்து அவர் கொண்டுவந்த முடிவு, குவாண்டம் இயற்பியல் உடைப்பது காரணகாரியத்தை அல்ல, காரணம் இருந்தால் முன்கூட்டிக் கணிக்க முடியும் என்ற இணைப்பை என்பது. அளவீடு முடிந்த பிறகு, அந்த அளவீட்டுச் சூழலுக்குள் நின்று, விளைவுக்கு இட்டுச்சென்ற வழியைப் பின்னோக்கிக் காட்ட முடியும். ஆனால் அந்த வழி அளவீட்டுக்கு முன் கிடைப்பதில்லை, வேறொரு சூழலுக்கு எடுத்துச்செல்லவும் முடியாது.

ஹைசன்பெர்க் 1927-ஆம் ஆண்டுக் கட்டுரையின் முடிவில், நிகழ்காலத்தை முழுமையாக அறிந்தால் எதிர்காலத்தைக் கணிக்கலாம் என்னும் கூற்றில் தவறானது முடிபு அல்ல, முன்நிபந்தனைதான் என்று எழுதினார். ஹெர்மன் அதைவிட ஒரு படி மேலே போகிறார்: எல்லாச் சூழலுக்கும் பொதுவான "முழுமையான நிகழ்காலம்" என்ற கருத்தே கைவிடப்பட வேண்டியது. அலைச்சார்பு அறியாமையைக் குறிப்பதாகச் சொல்லத் தயங்கும் மாறிலி அவர்களுக்கு என் விடை இதுதான். அது ஒரு சூழலிலிருந்து கிடைக்கும் அறிவு. சூழலற்ற அடிநிலை என்று ஒன்று இல்லாததால் அதில் குறைபாடும் இல்லை.

மாறிலி எழுதியது:

அப்படியானால் "சூழல்" என்பது எங்கே தொடங்குகிறது என்று சொல்ல வேண்டும், அங்கே நாம் முதல் பதிவில் கரையோரன் வைத்த இடத்துக்கே வந்துவிடுகிறோம்: அளவீடு எது? ட்சேயும் சூரெக்கும் வளர்த்த ஒத்திசைவிழப்புக் கொள்கை இதற்குப் பாதி விடை தருகிறது. காற்றின் மூலக்கூறுகளும் ஒளியும் இடையறாது மோதுவதால், பெரிய பொருளின் மேற்பொருந்தலில் உள்ள கட்டத் தொடர்பு சூழலுக்குள் கசிந்து கரைந்துவிடுகிறது. அதனால் குறுக்கீட்டு விளைவை (அலைகள் ஒன்றன்மேல் ஒன்று கூடியும் கழிந்தும் உண்டாக்கும் கோலத்தை) நாம் பார்ப்பதில்லை. ஆனால் பல விளைவுகளில் ஏன் ஒன்று மட்டும் நிகழ்ந்தது என்பதை அது சொல்வதில்லை. சொல்வதாக எழுதுபவர்கள் மிகைப்படுத்துகிறார்கள்.

இந்த எல்லாத் தரப்புகளிலும் சோதனைச்சாலைக்கு நேரடியாக வேலை கொடுக்கும் தரப்பு ஒன்று இருக்கிறது. கிராற்றி, ரிமினி, வெபர் மூவரும் 1986-இல் சரிவை உண்மையான நிகழ்வாகவே சமன்பாட்டில் சேர்த்தார்கள். ஒவ்வொரு துகளின் அலைச்சார்பும் சராசரியாக முப்பது கோடி ஆண்டுகளுக்கு ஒருமுறை, தற்செயலாக, மீட்டரில் கோடியில் ஒரு பங்கு அகலத்துக்குள் குவிகிறது. தனி எலக்ட்ரானில் அதைக் காண இயலாது. ஆனால் ஒரு மேசையில் உள்ள எண்ணற்ற துகள்களில் ஏதோ ஒன்று ஒவ்வொரு கணமும் குவிவதால் மேசை முழுவதும் ஓரிடத்தில் நிலைகொள்கிறது. இங்கே நிர்ணயமின்மை ஐயத்துக்கு இடமின்றி இயற்கையின் விதி, அலைச்சார்பும் உண்மை. கணிப்புகளோ வழக்கமான குவாண்டம் இயற்பியலிலிருந்து சிறிது விலகுகின்றன. வியன்னாவில் 1999-இல் 60 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளைக் கொண்டு குறுக்கீட்டு விளைவைக் காட்டியவர்கள், 2019-இல் அணு நிறை 25,000-ஐத் தாண்டிய, ஏறத்தாழ இரண்டாயிரம் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகள் வரை வந்துவிட்டார்கள். ஈர்ப்பு விசையால் சரிவு நிகழ்கிறது என்ற டியோசி, பென்ரோஸ் கொள்கையின் மிக எளிய வடிவத்தை இத்தாலியின் கிரான் சாசோ மலையடி ஆய்வகத்தில் ஜெர்மானியம் உணர்கருவியைக் கொண்டு நடந்த சோதனை 2020-இல் விலக்கிவிட்டது; அந்தச் சரிவு உண்டாக்க வேண்டிய மெல்லிய கதிர்வீச்சு அங்கே தென்படவில்லை.

நெய்தல் எழுதியது:

கிரான் சாசோ முடிவைச் "சரிவே இல்லை" என்று யாரும் படித்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு வரி. விலக்கப்பட்டது அளபுருக்களே (நாம் தேர்ந்து பொருத்தும் எண்களே) இல்லாத அந்த ஒரு வடிவம் மட்டும். கிராற்றி, ரிமினி, வெபர் முதலில் கொடுத்த அளவுகளை எட்டும் நுண்மை எந்தச் சோதனைக்கும் இன்னும் வரவில்லை. அதுவரை மாறிலி அவர்கள் சொன்ன அந்தத் தரப்பும் என் தரப்பும் சோதனையால் பிரித்தறியப்படாமல்தான் அருகருகே இருக்கப் போகின்றன.